தேனியில் ஏன் தங்க வேண்டும்?

கோம்பையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம். எங்கள் விமானம் மதியம் ஒரு மணிக்கு மேல்தான். விடிந்ததும் புறப்பட்டால் போதும். இது எனக்குத் தெரியும், என் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கனடாவுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

"முந்துன நாளே தேனிக்குப் போயிருவோம். ஒரு ரூம் போட்டுத் தங்கிட்டு, அங்கனருந்து மதுரைக்குப் போவோம்."

ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் தேனிக்கு எத்தனையோ தடவை போயிருப்பார். எவ்வளவு வேலை இருந்தாலும் அன்றைக்கே திரும்பிவிடுவார். லாட்ஜ் கட்டிலில் யார் படுத்த தலையணையோ என்று முகம் சுளிக்கிற ஆள்.

"எதுக்கு?" என்றேன்.

தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எதுக்குன்னு கேட்டேன்."

"ம்? ஒனக்கு இடுப்பு வலிக்கும்ல. ஒரேயடியா உக்காந்து வர முடியாது."

என் இடுப்பைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் கேட்டதே இல்லை. சந்தேகம் அந்தச் சோற்றுத் தட்டில்தான் ஆரம்பித்தது.

அவர் திராட்சை விவசாயி. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். அப்போது இரண்டாவது பிள்ளையை ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தாள். பிரசவம் பார்த்து, பிள்ளையைக் கொஞ்சம் வளர்த்துக் கொடுத்துவிட்டு வர ஆறு மாதத்துக்கு டிக்கெட் போட்டிருந்தாள். இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எனக்குக் கூடுதலாக ஒன்று தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

தேனியில் தங்குவதென்று ஆனபின் முந்தைய ஒரு மாதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உரம் வாங்கப் போகிறேன் என்று இரண்டு முறை தேனிக்குப் போனார். உரம் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. தம்பியோடு பேச வேண்டுமென்றால் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடுவார். பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. துணி மடித்து வைக்கும்போது பார்த்தேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போய்த் திரும்புவதற்குள் அது அங்கே இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என் கொழுந்தன்மேல்தான் நினைப்பு போனது. என் கணவரைவிட ஆறு வயது இளையவர். பக்கத்துத் தோட்டம் அவருடையது. எங்கள் தோட்டம் மாமனார் வழி வந்தது. ஆனால் அதிலிருக்கும் போர்வெல், பந்தல் கல், கம்பி எல்லாம் என் சம்பளத்தில் போட்டவை. நாங்கள் இல்லாத ஆறு மாதம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது கொழுந்தன் பொறுப்பு என்று பேச்சு. வெறும் பார்த்துக்கொள்வதுதானா? அண்ணனிடம் ஏதாவது எழுதி வாங்கிக்கொள்கிறாரா? இவர் வாய் திறந்து கேட்டால் பதில் சொல்கிற ஆளாகவும் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார். சில வருடங்களாகவே அப்படித்தான். வயதாக ஆக வீம்பும் ஏறுகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனி மாதக் காற்று பள்ளத்தாக்கைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் இரண்டு பெரிய பெட்டிகளோடு கிளம்பினோம். உத்தமபாளையம், சின்னமனூர் தாண்டும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தேனியில் மதுரை ரோட்டு ஓரமாக ஒரு லாட்ஜ். பரவாயில்லாத அறை, இரண்டு கட்டில், ரோட்டைப் பார்த்த ஜன்னல். பெட்டிகளை உள்ளே வைத்ததும் தலையணையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நீ செத்த படு. நான் போயி முடி வெட்டிட்டு வந்திர்றேன்."

இரண்டு நாள் முன்புதான் கோம்பையில் முடி வெட்டியிருந்தார். காதுக்குப் பின்னால் சவரம் செய்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கையிலிருந்த மஞ்சள் பைக்குள் நீலமாக ஒரு விளிம்பு தெரிந்தது.

படி இறங்குகிற சத்தம் அடங்கியதும் அறையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன். இருபத்தேழு வருடம் காடு கரையெல்லாம் நடந்து தடுப்பூசி போட்டவள், புருசனைப் பின்தொடர்ந்து நடந்தது அன்றைக்குத்தான். காற்றில் சேலை படபடத்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுவில் நாலு பேர் இருக்கிற மாதிரி பார்த்து நடந்தேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. ஓட்டுநர் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார். அவ்வளவு யோசனையில் போகிறாரே, அப்படி என்ன யோசனை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் நின்றார். மாடிப்படி ஓரம் போர்டுகள் வரிசையாக இருந்தன. கீழே ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர். முதல் மாடியில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். இரண்டாவது மாடியில் பல், கண், காது என்று மூன்று கிளினிக். மூன்றாவது மாடியில் வக்கீல் ஆபீஸ். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பைக்கில் என் கொழுந்தன் வந்து இறங்கினார். எங்களைக் கோம்பையில் காலையில் வழியனுப்பியவர். 'போயிட்டு வாங்க மதினி' என்று கண் கலங்கியவர். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் படியேறினார்கள். எந்த மாடிக்குப் போனார்கள் என்று தெரியவில்லை.

எதிரில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. சும்மா நிற்க முடியாது என்று திராட்சை ஜூஸ் கேட்டேன். எங்கள் தோட்டத்தில் கூடை கூடையாகக் காய்த்தும், காசு கொடுத்து அதை நான் குடித்தது அங்கேதான். வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஒன்றேகால் மணி நேரம் அந்த டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். பத்திரம் என்றால் என் கையெழுத்து வேண்டாமா? சொத்து அவர் பெயரில்தானே, வேண்டாம். ஸ்கேன் என்றால்? நெஞ்சுவலி வந்து எனக்குத் தெரியாமல் பார்க்கிறாரோ? ஆனால் நான் நர்ஸ், எனக்குத் தெரியாமலா? மறுபடியும் பத்திரத்துக்கே வந்தேன். நோயைவிடப் பத்திரத்தை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார் அல்லவா.

இறங்கி வந்தபோது கொழுந்தன் சிரித்துக்கொண்டு அண்ணன் தோளைத் தட்டினார். என் கணவர் கடைசிப் படியில் நின்று ரோட்டையே பார்த்தார். எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் திடுக்கிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். சொத்தை எழுதிக் கொடுத்தவன் தலை சுற்றாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். ஆட்டோ பிடித்து, அவருக்கு முன்னால் லாட்ஜுக்கு வந்து, சேலையை நீவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அவர் தலையில் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"முடி வெட்டலயா?"

"கடையில கூட்டம்" என்றார் உடனே. இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

"துண்டு எதுக்கு?"

"காத்து."

அறைக்குள் ஏது காற்று? மதியம் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டோம். அவர் துண்டை அவிழ்க்கவில்லை. அப்பளத்தைக் கடித்துவிட்டு நிறுத்தினார். கொஞ்சம் யோசித்து மறுபடியும் மெதுவாகக் கடித்தார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

எனக்குத் தெரிந்த அந்த இன்னொன்றை இப்போது சொல்ல வேண்டும். மூன்று மாதம் முன்பே மகள் என்னிடம் கேட்டிருந்தாள். ஆறு மாதத்தோடு திரும்ப வேண்டாம், அங்கேயே இருந்துவிடுங்கள், அதற்கான விசாவுக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு ஆசை இருந்தது. அவரிடம் சொன்னால் விமானமே ஏற மாட்டார் என்பதால் சொல்லவில்லை. மகளும் நானும் தினமும் அதைப் பற்றித்தான் பேசினோம். அவர் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் போதும், கண்டுகொள்ள மாட்டார். அக்கறை இல்லாத மனிதர் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். அங்கே காலை எட்டரை. அவர் துண்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் போய், வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினேன்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?"

"இன்னும் சொல்லலத்தா. அங்கன வந்தப்பறம் பேசிக்கிருவோம். இங்க வேற ஒரு கூத்து நடக்குது. ஒங்க சித்தப்பாவும் இவுகளும் சேந்து இன்னைக்குப் பத்திர ஆபீசுக்குப் போயி என்னத்தையோ எழுதியிருக்காக. என் கண்ணால பாத்தேன்."

"சித்தப்பாவா? அவர் அப்படிச் செய்ய மாட்டாரும்மா."

"ஒனக்குத் தெரியாது. அதான் சொல்றேன், நம்ம முடிவுதான் சரி. மொத ஒத்துக்கிற மாட்டாக. அங்கன வந்து மாட்டிக்கிட்டா அப்பறம் என்ன செய்வாக?"

"ஒண்ணும் செய்ய மாட்டாக."

சுவர்ப் பக்கமிருந்து வந்தது குரல். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினேன். சொன்ன வார்த்தையைவிட அவர் சொன்ன விதம்தான் காரணம். மெதுவாக, சின்னக் குரலில் சொன்னார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

எழுந்து உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் பாக்கு அளவில் சாம்பல் நிறமாக ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்து கண்ணாடி இழை மாதிரி ஒரு குழாய் காதுக்குள் போயிருந்தது.

"காது மிசினு" என்றார். "மூணு வருசமா சரியாக் கேக்கல. ரெண்டு வருசமா கத்திச் சொன்னாத்தான் கேக்குது."

முப்பது வருடம் காதைப் பிளக்கும் இரைச்சலோடு மருந்தடிக்கிற எஞ்சினை முதுகில் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் நடந்தவர். ஊரில் எத்தனை பேரை, காது மந்தமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று நானே சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்!

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

அவர் கட்டிலில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மூணு மாசமா ஆத்தாளும் மகளும் குசுகுசுங்குறீக. ஒன் வாய் அசையுறது தெரியுது. எடையெடயில என்னயப் பாக்குறது தெரியுது. என்னயப் பத்தித்தான் பேசுறீகன்னு தெரியும். என்னன்னுதான் தெரியாது. செவிடன்னு தெரிஞ்சா இங்கனயே விட்டுட்டுப் போயிருவீகளோன்னு நெனச்சேன். பாத்தா, நீங்க என்னயக் கூட்டிட்டுப் போயி அங்கன விடப் பாத்திருக்கீக."

"தம்பி எதுக்கு வந்தாக?"

"சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும்னு டெஸ்ட் வச்சாக. அந்தம்மா சொல்றதே எனக்குக் கேக்கல. அவந்தான் பக்கத்துல நின்னு கையக் காட்டுனான். மாசியில டிராக்டர் ரிவர்ஸ் வந்தது தெரியாம நின்னேன். கையப் பிடிச்சு இழுத்தது அவன். அப்பயிருந்து மிசின் வையி, மிசின் வையின்னு அவந்தான் உசுர வாங்குனான். அதப் பாக்குற அம்மா மதுரையிலருந்து வாரம் ஒரு நாத்தான் தேனிக்கு வருவாகளாம். இன்னைக்கு மாட்டி, சத்தம் ஒத்துக்கலன்னா சாயந்தரத்துக்குள்ள திரும்ப வரச் சொன்னாக. அதான் ரூமு."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "பத்திர ஆபீசுன்னு சொன்னியே, அது அவன் காதுல விழுந்தா என்ன நெனைப்பான்?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கையிலிருந்த போனிலிருந்து "அம்மா, அம்மா" என்று மகள் கூப்பிடுவது கேட்டது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் கை நீட்டினார். போனைக் காதருகே கொண்டு போனதும் மிசின் 'கீ'யென்று கத்தியது. முகத்தைச் சுளித்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"ஏத்தா, பேசு."

"அப்பா... நான் பேசுறது கேக்குதாப்பா?"

"கேக்குது. ஒன் கொரலு மாறிருச்சே."

"மாறலப்பா" என்று அவள் அழ ஆரம்பித்தாள். போன் குரல் எனக்கும் கேட்டது. "எப்பப் பேசுனாலும் ரெண்டு தடவ ம்ம்முன்னு சொல்லிட்டு, அம்மாகிட்டப் பேசுன்னு குடுத்துருவீங்க. என் கல்யாணத்துல இருந்த கோவம் ஒங்களுக்கு இன்னும் போகலன்னு நெனச்சேன். ஒங்க மருமகன்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

மகள் அங்கே வேலை பார்க்கும் வேற்று மாநிலத்துப் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். இவர் அதற்கு அப்போது இரண்டு நாள் பேசாமல் இருந்தது நிஜம். மூன்றாம் நாள் ஊருக்கெல்லாம் லட்டுக் கொடுத்ததும் நிஜம்.

"கோவம் என்னத்துக்கு? கேக்கலத்தா. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அப்புறம் அவரே பேச்சை முடித்துவைத்தார். "இங்க பாரு. நான் ஆறு மாசம் இருப்பேன். பிள்ளயக் குளிப்பாட்டுறது, பெரியவனப் பள்ளிக்கூடத்துல விடுறது எல்லாம் செய்வேன். ஆறு மாசத்துக்கு மேல ஒரு நா இருக்க மாட்டேன். ஒங்கம்மா இருக்குறதுன்னா இருக்கட்டும். அது அவ இஷ்டம்."

சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். 'அவ இஷ்டம்' என்று அவர் சொன்னதை அன்று பூராவும் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன். அது பெருந்தன்மையா, தண்டனையா?

மறுநாள் காலை கொழுந்தன் எங்களை மறுபடி வழியனுப்ப லாட்ஜுக்கே வந்துவிட்டார். அவர் வீட்டில் செய்த புளியோதரைப் பொட்டலம் கையில் இருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கணவர் பெட்டிகளோடு கீழே இறங்கியதும் சொல்லிவிட்டேன். "நேத்து நான் ஒங்க பின்னாலயே வந்தேன் தம்பி. எதுத்தாப்புல நின்னேன்."

"பாத்தேன் மதினி. பச்சச் சேலை, ஜூஸ் கடை. அண்ணன்கிட்ட நான் சொல்லல. ஒங்களக் கூப்புட்டு மிசினு விசயத்தச் சொல்லிருவமான்னு நெனச்சேன். அண்ணன் வேணாம்னு சத்தியம் வாங்கியிருந்தாக."

"நான் என்ன நெனச்சேன்னு கேக்க மாட்டீகளா?"

அவர் தரையைப் பார்த்தார். "நீங்க பத்திர போர்டையே பாத்துக்கிட்டு நின்னப்பவே தெரிஞ்சது மதினி" என்றார். "விடுங்க. பிள்ளயப் பாத்துட்டு நல்லபடியா வாங்க."

அதற்குமேல் நான் மன்னிப்புக் கேட்கவும் அவர் இடம் கொடுக்கவில்லை. புளியோதரைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது கார் கண்ணாடியில் காற்று மோதியது. என் கணவர் ஓட்டுநரிடம், "தம்பி, டிக் டிக்குன்னு அது என்ன சத்தம்? வண்டியில எதுவும் கோளாறா?" என்றார். "இண்டிகேட்டர் போட்டிருக்கேங்கய்யா" என்றார் ஓட்டுநர். அவர் தலையாட்டிக்கொண்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கனடாவில் அவர் சொன்னபடியே இருந்தார். பேத்தி பிறந்தாள். பேரனைத் தினமும் பனியில் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். மருமகனோடு அரைகுறை இங்கிலீஷில் மணிக்கணக்காகப் பேசினார். மருமகன் என்னிடம் தனியாக வந்து, மாமா இவ்வளவு பேசுவாரா என்று கேட்டார். எனக்கும் அது புதுசுதான்.

ஆறாவது மாதம் டிக்கெட் தேதியன்று அவர் மட்டும் கிளம்பினார். நான் இன்னும் மூன்று மாதம் இருப்பதாக எழுதி விசாவை நீட்டித்திருந்தோம். விமான நிலையத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோபம் எங்கேயாவது இருக்கிறதா என்று.

"இருந்துட்டு வா" என்றார்.

"வருத்தமா?"

"வருத்தம்னா சொல்லியிருப்பேன்ல. இனி மறைக்க எனக்கென்ன இருக்கு?" என்று சிரித்துவிட்டு வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஏதோ கேட்டாள், அவர் குனிந்து பதில் சொன்னார்.

மாசிக் கடைசியில் நானும் ஊர் வந்து சேர்ந்தேன். மதுரைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்திருந்தார்கள். தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து புதுத் தளிர் கம்பியைத் தொட்டிருந்தது. யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. மகள் அடுத்த வருடமும் கூப்பிட்டிருக்கிறாள். இந்தத் தடவை அவள் முதலில் பேசியது அவரிடம். இரண்டு பேரும் என்ன முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். "நீயே அவகிட்டக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் இன்னும் கேட்கவில்லை.